காலி வீட்டில் அடிக்கும் ஃபோன்

வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு வீடு பிடித்து, குடிவைத்து, ஊரைப் பழக்கிவிடுவது அவளுடைய வேலை. கம்பெனியில் அதற்கு ஒரு நீளமான பதவிப் பெயர் உண்டு. அவளுடைய அடையாள அட்டையிலேயே அந்தப் பெயர் ஒரு வரியில் அடங்காமல் அடுத்த வரிக்கு இறங்கியிருந்தது. அதை யார் வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து தொங்கும். அதனால் வீட்டு உரிமையாளர்கள், காவலாளிகள், தண்ணீர் லாரிக்காரர் எல்லோருக்கும் அவள் சாவியக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களும் கூச்சமே இல்லாமல் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

வந்து இறங்குகிறவர்களின் கூத்தைச் சொல்லி மாளாது. ஒருவர் பெட்டி நிறைய மருந்து மாத்திரை கொண்டுவந்தார், மாற்றுச் செருப்பு கொண்டுவரவில்லை. ஒரு தம்பதி, காலையில் ரொட்டி விற்கிறவர் போட்ட சத்தத்தைக் கேட்டு ஊரில் கலவரம் என்று முடிவுகட்டி, கதவைத் தாழிட்டுக் கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள். இன்னொரு அம்மாள் குழாயில் தண்ணீருக்குப் பதில் காற்று வந்ததும், தன்மேல் யாருக்கோ கோபம், வேண்டுமென்றே நிறுத்திவிட்டார்கள் என்று அழுதாள். ஆஃபீஸில் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சாவியக்கா மட்டும் சிரிக்கமாட்டாள். தெரியாத ஊரில் கொண்டுபோய் விட்டால் யாராக இருந்தாலும் கொஞ்ச நாளைக்குக் கைக்குழந்தைதான் என்பாள்.

குழந்தைக்குச் சொல்வது போலத்தான் சொல்லியும் கொடுப்பாள். தண்ணீர் விடியற்காலையில் வரும், அப்புறம் சாயங்காலம் வந்தால் உண்டு, அதனால் வாளி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைக்க வேண்டும், பல் தேய்க்கவும் அதே தண்ணீர்தான். காய்கறியை உப்புத் தண்ணீரில் ஊறவைக்காமல் வாயில் வைக்கக் கூடாது. கரண்ட் போனால் ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பி வருகிற கரண்ட் ஃபிரிட்ஜைத் தின்றுவிடும். ஒரு கேஸ் சிலிண்டர் எரியும்போது இன்னொன்று முழுசாக மூலையில் நிற்க வேண்டும். கொசுவைப் பற்றி ஆரம்பித்தால் மட்டும் அவளை நிறுத்த முடியாது. "ஒரு ஓட்டைகூட விடாதீங்க. கதவுக்குக் கீழ இருக்குற சந்து, ஒயர் வர்ற துவாரம், எது கண்ணுல பட்டாலும் உடனே அடைச்சிடுங்க. இந்த ஊர்க் கொசு கடிச்சா காய்ச்சல் எலும்பு வரைக்கும் போகும்" என்று கண்ணை உருட்டிச் சொல்லுவாள்.

இத்தனையும் மூச்சுவிடாமல் சொல்லுகிறவள், ஒன்றை மட்டும் சொல்லாமல் செய்தாள். கேஸ் கீசர் மாட்டிய குளியலறை எந்த வீட்டில் இருந்தாலும், மேலே வென்டிலேட்டரில் சாய்வாகச் செருகியிருக்கும் கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடுவாள். பழைய துணியில் சுற்றித் தன்னோடு கொண்டுபோய்விடுவாள். அங்கே வலையும் அடிக்க விடமாட்டாள். தூசி அடைத்துக்கொண்டால் வலையும் சுவரும் ஒன்றுதான் என்பது அவள் கணக்கு. கொசு வீட்டுக்குள் வராமலிருக்கக் குளியலறைக் கதவை எப்போதும் சாத்தியே வையுங்கள் என்று மட்டும் குடிவருகிறவர்களிடம் சொல்லுவாள். வீட்டு உரிமையாளர்கள் சண்டைக்கு வந்தார்கள். "கண்ணாடி பழசு, உடைஞ்சு தலையில விழும்" என்று ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவாள்.

அவள் தங்கை வீட்டு மாடியில் ஒரு அறையில் இருந்தாள். கட்டிலுக்கு அடியில் கண்ணாடிப் பட்டைகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்திருந்தன. கூட்டும்போதெல்லாம் துடைப்பம் அதில் இடிக்கும், தங்கைக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கண்ணாடிக் கடை வைக்கப்போறியா? வாயத் தொறந்து சொல்லிட வேண்டியதுதான, ஜன்னல அடைச்சா செத்துப்போயிடுவீங்கன்னு."

"குடி வர்ற வீட்ல நிக்க வச்சு சாவப் பத்திப் பேசச் சொல்றியா?"

"பேசாம கழட்டிட்டு வர்றதுக்குப் பேசிட்டே வரலாம்."

சாவியக்கா கீழே இறங்கிப் போய்விடுவாள். ஆஃபீஸிலும் அப்படித்தான் உத்தரவு. பயமுறுத்தினால் வந்தவர்கள் பெட்டியைக் கட்டிவிடுவார்கள் என்று மேனேஜர் கண்டித்துச் சொல்லியிருந்தார். ஆனால் மேனேஜர் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வது அவளுக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். உண்மைக் காரணம் வேறு. அந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் அவளால் பாதியில் நிறுத்த முடியாது. முழுசாகச் சொன்னால் தன் வாயால் சொன்ன ஒரு வார்த்தையையும் சொல்ல வேண்டிவரும்.

அவளுடைய வீட்டுக்காரர் கிரேன் ஓட்டுகிறவர். ஆறடி உயரம், குழந்தை மனசு. அவரும் ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறொரு நாட்டுக்கு வேலைக்குப் போனார். குளிர் ஊர். போன புதிதில் தினமும் ஃபோன் செய்து புலம்புவார். அங்கே ரொட்டி செங்கல் மாதிரி இருக்கிறது, தெருவில் எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கிறது, நேற்று பக்கத்து வீட்டுக் கதவில் சாவியைப் போட்டுத் திருகித் திட்டு வாங்கினேன் என்று கதை கதையாகச் சொல்லுவார். அவள் வயிறு வலிக்கச் சிரிப்பாள். ஒரு நாள் குளியலறை பற்றிச் சொன்னார்.

"கேஸ் கீசர் இருக்கு, சுடுதண்ணிக்குக் கொறவில்ல. ஆனா மேல ஒரு ஜன்னல், அதுலேர்ந்து வர்ற காத்து ஊசியா குத்துது. துண்டச் சுருட்டி அடைச்சிட்டேன்."

"நல்லதாப் போச்சு. சளி புடிக்காது" என்றாள் அவள்.

கேஸ் எரிகிற இடத்தில் காற்றுக்கு வழியில்லை என்றால் அந்த அறைக் காற்றே விஷமாகிவிடும். அதற்கு வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. குளிக்கிறவருக்கு லேசாகத் தலை சுற்றும், கொஞ்சம் உட்காரலாம் என்று தோன்றும். உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டார். இதெல்லாம் அவளுக்குப் பின்னால் தெரிந்தது. அவருக்கு அந்த ஊரில் சொல்ல ஆளில்லை. சொல்லக்கூடிய இடத்தில் இருந்த ஒரே ஒருத்தி, நல்லதாப் போச்சு என்று சொல்லிவிட்டாள்.

அதற்கு மறுநாள் அவருக்கு விடுமுறை. அவள் ஃபோன் செய்தாள். மணி போனது, எடுக்கவில்லை. அப்புறம் செய்தாள், அப்புறமும் செய்தாள். பகல் முழுக்க அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே அவர் நம்பரை அழுத்திக்கொண்டிருந்தாள். கூடத் தங்கியிருந்தவர் வேலை முடிந்து திரும்பிய பிறகுதான் குளியலறைக் கதவை உடைத்தார்கள். பெட்டியைக் கொண்டுவந்து ஒப்படைத்தபோது அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு, "ஃபோன் அடிச்சிட்டே இருந்துதாம் அக்கா. பக்கத்து ரூம்ல கேட்டிருக்காங்க. தூங்குறாருன்னு நெனச்சிட்டாங்களாம்" என்றார். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னாரோ என்னவோ. சாவைவிட அந்த வார்த்தைதான் அவளை உள்ளுக்குள் அரித்தது. கேட்டிருக்கிறது. கேட்டும் ஒருவரும் வரவில்லை.

அதற்கப்புறம்தான் இந்த வேலைக்கு வந்தாள். தன் கையில் வந்து சேர்ந்த ஒருவர்கூட இப்படிப் போகக் கூடாது. சம்பள உயர்வு, பதவி எதுவும் அவளுக்கு ஒரு பொருட்டில்லை, இந்த ஒன்றுதான் கவலை.

ஒரு வீட்டை ஒப்படைப்பதற்கு முன் சில நாள் அவளே அங்கே போய் இருந்து பார்ப்பாள். ஒரு பாய், ஒரு அடுப்பு, ஒரு பாத்திரம். எந்தக் குழாய் சொட்டுகிறது, எந்த ஸ்விட்ச் கையில் அடிக்கிறது, மழை வந்தால் எந்தச் சுவர் நனைகிறது என்று வீட்டின் குணத்தைப் படிப்பாள். அப்படி இருக்கும்போதுதான் அது ஆரம்பித்தது. மத்தியானம் வெறும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். உள்ளறையில் ஃபோன் அடிக்கும்.

முதல் தடவை எச்சில் கையோடு எழுந்து ஓடினாள். அறையில் ஒரு ஆணி கூட இல்லை. தன்னுடைய ஃபோனை எடுத்துப் பார்த்தாள், அது மடியில் செத்த மாதிரி கிடந்தது. அப்புறம் அடுத்த வீட்டில் அடித்தது. அதற்கடுத்த வீட்டில் குளியலறைப் பக்கத்திலிருந்து அடித்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமாக அடித்ததுதான் கொடுமை. ஒரு வீட்டில் பழைய மணி, ஒரு வீட்டில் ஏதோ பாட்டு, ஒரு வீட்டில் குருவி கத்துகிற மாதிரி. அதற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். அவர் அங்கே போய் வாங்கிய ஃபோன் அது. அது எப்படி அடிக்கும் என்று அவள் கேட்டதே இல்லை. கூப்பிட்டவளுக்குத் தன் பக்கத்து மணிதான் கேட்கும். அந்த அறையில் அன்று பகல் முழுக்க என்ன சத்தம் கேட்டது என்று தெரியாததால், அவள் காது உலகத்தில் உள்ள எல்லாச் சத்தத்தையும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

தங்கை டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் நன்றாகத் தூங்கச் சொன்னார். சாவியக்கா கடைசியில் தனக்குத் தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். ஃபோன் அடித்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. எழுந்து போய்த் தேடுவதில்லை. "உனக்கு வேற பொழப்பே இல்லையா?" என்று காதைத் திட்டிவிட்டு, கையிலிருக்கும் வேலையைப் பார்ப்பாள். நாளடைவில் அது நன்றாகவே பழகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் தண்ணீர்த் தொட்டி கட்டுகிற வேலைக்கு ஒரு இளம் இன்ஜினியர் வந்து சேர்ந்தான். மனைவியும் கைக்குழந்தையும் பின்னால் வருவதாக ஏற்பாடு. வீட்டைச் சுற்றிப் பார்த்த அன்றே, தொட்டில் எங்கே கட்டுவது என்று கேட்டவன் அவன். தங்கமான பிள்ளை. சொன்னதை ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுவான். "வாளி நெறஞ்சிருக்கணும், காய உப்புத்தண்ணில போடணும், ஓட்டைய அடைக்கணும். சரியா அக்கா?" என்று பரீட்சைக்குப் போகிற மாதிரி ஒப்பிப்பான். இப்படி ஒரு பிள்ளை கிடைத்ததே என்று சாவியக்கா மகிழ்ந்துபோனாள். சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளைகளுக்குத்தான் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

அந்த வீட்டில் கீசர் குளியலறைக்குள்ளேயே இருந்தது. வெளியே மாற்றச் சொல்லி உரிமையாளரிடம் நச்சரித்துப் பார்த்தாள். அவர் அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று காதில் பூச்சுற்றிக்கொண்டிருந்தார். வழக்கம்போல் கண்ணாடிப் பட்டைகளை உருவிக்கொண்டு போனாள். வழக்கம்போல் காரணம் சொல்லவில்லை. ஊர் பழகும் வரைக்கும் ஒரு சாவி தன்னிடம் இருக்கும் என்று சொல்லி, அதைக் கொத்தில் கோத்துக்கொண்டாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில், அதே தெருவில் கடைசியில் இருந்த காலி வீட்டைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தாள். மேகம் மூடிக் குளிர்ந்த காலை. அவன் வீட்டு கேட்டை நெருங்கும்போது மேலே மாடியில் ஃபோன் அடித்தது. துள்ளலான ஒரு இசை, கொஞ்சம் அடித்து நின்றது, திரும்ப ஆரம்பித்தது. அவள் கால் தானாக நின்றது.

"ஆரம்பிச்சிட்டியா?" என்றாள் காதிடம். "காலங்காத்தால."

தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். கேட்டைத் தாண்டினாள். முதுகுக்குப் பின்னால் அது அடித்துக்கொண்டே இருந்தது. வேகமாக நடந்தாள். சாவிக்கொத்து இடுப்பில் குலுங்கியது, அந்தச் சத்தத்தை மட்டும் கேட்க முயன்றாள்.

"அக்கா, அக்கா. சித்த நில்லுங்க."

அந்த வீட்டுக் காவலாளி ஸ்டூலை விட்டு எழுந்து வந்தார். தலை நரைத்த மனிதர்.

"இந்தத் தம்பி ஏன் ஃபோன எடுக்க மாட்டேங்குறாருன்னு தெரியல. உள்ளதான் இருக்காரு. அரமணி முன்னாடி ரொட்டி வாங்கிட்டு, குளிக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனாரு. விட்டு விட்டு அடிச்சிட்டே இருக்கு."

சாவியக்கா கேட் வரைக்கும் திரும்பி வந்தாள். "அண்ணே, உங்களுக்குக் கேக்குதா?"

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க. தெருவுக்கே கேக்குதே. திரும்பப் படுத்துத் தூங்கிட்டாரோ என்னவோ."

தூங்கிட்டாரோ என்னவோ. அவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். காவலாளிக்கு அது தெரியவில்லை, அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார்.

"நேத்து என்கிட்ட ஒரு அட்டப்பெட்டி கேட்டு வாங்கிட்டுப் போனாரு. பாத்ரூம் ஜன்னல்ல கண்ணாடி இல்லையாம், கொசு வருதாம். நானே அடைச்சிட்டேன், அக்கா பாத்தா சந்தோஷப்படுவாங்கன்னு பெருமையாச் சொன்னாரு."

அவள் அதற்குள் மாடிப்படியில் இருந்தாள். கொத்தில் அத்தனை சாவிகள், எது எந்த வீட்டுச் சாவி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிறவள், இப்போது ஒன்று மாற்றி ஒன்றாகப் போட்டுத் திருகினாள். "அண்ணே, மேல வாங்க. ஓடி வாங்க" என்று கத்தினாள். கதவு திறந்தது. சாப்பாட்டு மேஜையில் ரொட்டிக்குப் பக்கத்தில் ஃபோன் அதிர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது. உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம்.

"கதவ ஒடைங்க. மூச்ச அடக்கிக்கிட்டு உள்ள போங்க, உள்ள மூச்சு விடாதீங்க."

காவலாளி ஒன்றும் கேட்கவில்லை. காலால் ஓங்கி உதைத்தார், தாழ்ப்பாள் பிய்ந்து வந்தது. ஆவி அடித்தது. அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், தலை மார்பில் விழுந்திருந்தது. சாவியக்கா குழாயை நிறுத்தினாள், கீசர் அணைந்தது. ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக் கூடத்தில் போட்டார்கள். அவள் கட்டிலில் கிடந்த போர்வையை உருவி அவன்மேல் எறிந்துவிட்டு, ஜன்னல், கதவு, பால்கனி எல்லாவற்றையும் திறந்தாள். திரும்பி வந்து அவன் கன்னத்தில் அடித்தாள். முதலில் மெதுவாக. அப்புறம் பலமாக.

"எந்திரி. எந்திரிடா. தூங்காத. இப்ப தூங்கக் கூடாது."

அதுவரைக்கும் குடிவந்தவர் ஒருவரையும் அவள் ஒருமையில் பேசியதில்லை. எவ்வளவு நேரம் அடித்தாளோ, அவன் நெஞ்சு ஒரு தடவை தூக்கிப் போட்டது. இருமினான். ஒருக்களித்து வாந்தி எடுத்தான். கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான், அப்புறம் தன்னைப் பார்த்தான், போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டான்.

"அக்கா... துணி..."

"நான் ஒன்னும் பாக்கல" என்றாள் அவள். சொல்லிக்கொண்டே போர்வையை அவன் தோளைச் சுற்றி இழுத்துச் செருகினாள்.

காவலாளி டாக்டரை அழைத்துவர ஓடினார். எதிர்வீட்டு அம்மாள் தண்ணீர்ச் செம்போடு வாசலில் நின்றாள். அப்போது ஃபோன் மறுபடியும் அடித்தது.

சாவியக்கா எழுந்து மேஜைக்குப் போனாள். கை நீளவில்லை. எத்தனையோ வீடுகளில் அடித்த ஃபோன் இதோ கண்ணெதிரே கிடக்கிறது. திரையில் ஒரு பெண்ணும் குழந்தையும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் நிற்பது எப்படியிருக்கும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். பக்கத்து அறைக்காரர்கள்மேல் ஆத்திரப்பட்டிருக்கிறாள். கொஞ்ச நேரத்துக்கு முன் அவளும் கேட்காததுபோல் கேட்டைத் தாண்டிப் போனவள்தான். எடுத்தாள்.

"எங்க போனீங்க? எவ்ளோ நேரமா அடிக்கிறேன்..." என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"நான் வீடு பாத்துக் குடுத்தவம்மா. சாவியக்கா."

"அவரு எங்க? நீங்க ஏன் எடுக்குறீங்க?"

குளிக்கிறாரும்மா, அப்புறம் பேசச் சொல்றேன் என்று சொல்ல நாக்கு துடித்தது. மேனேஜர் இருந்தால் அதைத்தான் சொல்லச் சொல்லியிருப்பார். அவள் மென்று விழுங்கினாள்.

"குளிக்கப் போன எடத்துல மயங்கி விழுந்துட்டாரும்மா. உள்ள கேஸ் கீசர். மேல ஜன்னல நான்தான் தொறந்து விட்டிருந்தேன், ஏன்னு சொல்லல. அவரு தெரியாம அடைச்சிட்டாரு. வெளிய தூக்கியாச்சு. கண்ணு முழிச்சிட்டாரு, பேசுறாரு. டாக்டர் வந்துட்டே இருக்காரு. எங்க வீட்டுக்காரர் இப்படித்தாம்மா போனாரு. அதான் எனக்குத் தெரியும்."

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது. பிறகு அந்தப் பெண் அழுதாள்.

"மனசு சரியில்லாமயே இருந்துச்சுங்க. அதான் அடிச்சிட்டே இருந்தேன். எடுக்கவே இல்லையா, அங்க யாருக்குமே கேக்கலையோன்னு..."

"கேட்டுச்சும்மா" என்றாள் சாவியக்கா. "எங்களுக்குக் கேட்டுச்சு."

ஃபோனை அவன் காதோரம் வைத்துப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து அழுதாள். டாக்டர் வந்து கையை விலக்கும் வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தாள்.